வருமானம் இல்லாத சேனலுக்கு இவ்வளவு உழைப்பா?

வணக்கம் ஐயா,

உங்கள் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பாடத்தில் வரும் இயற்பியலை அட்டை, நூல், காந்தம் என்று கையில் கிடைப்பதை வைத்துச் செய்துகாட்டி வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறாள். ஒரு வீடியோவுக்கே சனி, ஞாயிறு இரண்டும் போய்விடுகின்றன, பார்ப்பவர்களோ நூறு பேரைத் தாண்டுவதில்லை. 'இது வீண் வேலையா? செய்வதுதான் செய்கிறாள், நாலு காசு வருகிற மாதிரியாவது செய்யச் சொல்லலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீண் வேலை இல்லை. இரண்டாவது கேள்வியை மட்டும் இப்போதைக்கு அவளிடம் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அக்கறையோடுதான் கேட்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆனால் பிள்ளை தானாக விரும்பிச் செய்யும் ஒரு வேலையின் சுவையைக் கெடுக்க, திட்டுவதைப் போலவே இந்த அக்கறையும் போதும்.

1973ஆம் ஆண்டில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஏற்கெனவே படம் வரைவதில் ஆசை உள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம், 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு, சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவுமில்லை. ஓரிரு வாரம் கழித்து, வகுப்பில் விருப்பப்பட்டதை விளையாடலாம் என்று விட்டபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தார்கள். பரிசு தந்தது தவறில்லை. 'இதற்காகத்தான் வரைகிறேன்' என்ற எண்ணம் உள்ளே புகுந்ததுதான் ஆசையைக் குறைத்தது. 'மாதம் எவ்வளவு வரும்?' என்று நீங்கள் கேட்கத் தொடங்கினால் உங்கள் மகளுக்கும் அதுதான் நடக்கலாம் என்பது என் பயம்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம், தெரிந்துகொண்டு ஒதுக்கி வைப்பது நல்லது. யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். அதோடு கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும். அவளுடைய வீடியோ ஐந்து நிமிடம் என்றால், முழுதாகப் பார்த்தவர்கள் என்றே கணக்கிட்டாலும் 48,000 தடவை ஓட வேண்டும். ஷார்ட்ஸ் என்ற குறும் வீடியோக்கள் என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகள். இந்த எல்லையைத் தொட்ட பிறகுதான் பங்கே தொடங்குகிறது. நீள வீடியோக்களின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படைப்பவருக்கு. 18 வயது நிரம்பாததால் பணம் பெரியவர் ஒருவரின் கணக்கு வழியாகத்தான் வர முடியும். பன்னிரண்டாம் வகுப்பு நெருங்கும் பிள்ளையின் தோளில் ஏற்ற வேண்டிய இலக்கு இல்லை இது.

சரி, பணமும் இல்லை, கூட்டமும் இல்லை என்றால் அவளுக்கு என்னதான் கிடைக்கிறது? அடுத்த வீடியோ முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை விட்டுவிடுங்கள். எந்தக் காட்சியைத் திரும்ப எடுத்தாய், எதை வெட்டி எறிந்தாய், ஏன் என்று கேளுங்கள். பத்து நிமிட விளக்கத்தை ஐந்து நிமிடமாக்க வேண்டுமானால், எது இல்லாமலும் புரியும், எது இல்லாவிட்டால் புரியாது என்று முடிவெடுக்க வேண்டும். பாடத்தை உண்மையாகவே புரிந்துகொள்ளாதவரால் அந்த முடிவை எடுக்க முடியாது. எழுதி, பேசி, படம்பிடித்து, ஒலியைச் சரிசெய்து, எடிட் செய்து, தலைப்பு வைத்து, ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தானே செய்து உலகத்தின் முன் வைக்கிறாள். பள்ளியில் பெரும்பாலும் அடுத்தவர் கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறோம். இங்கே கேள்வியும் அவளுடையது.

எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் மனித ஊக்கத்தைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர்கள். தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, கைத்திறன் கூடுகிறது என்ற உணர்வு, யாரோ சிலரோடு பிணைந்திருக்கிறோம் என்ற உணர்வு ஆகிய மூன்றும் மனிதருக்கு அடிப்படைத் தேவைகள் என்றார்கள். மூன்றாவதற்கு லட்சம் பேர் தேவையில்லை. 'எனக்கு இப்போதுதான் புரிந்தது' என்று முகம் தெரியாத ஒரு மாணவர் எழுதினால் போதும், அந்த வாரம் முழுக்க அவள் நிறைவாக இருப்பாள். கான் அகாடமி என்ற இலவச இணையப் பாடத் தளத்தைத் தொடங்கிய சல்மான் கான் (இந்தி நடிகர் இல்லை, வேறொருவர்) 2004இல் தூரத்தில் இருந்த உறவுக்காரப் பெண் ஒருத்திக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 2006இல்தான் பாடங்களை வீடியோவாக ஏற்றினார். வேலையை விட்டது 2009இல். கான் அகாடமி அப்படி வளர்ந்தது. உங்கள் மகளும் அவரைப்போல் ஆவாள் என்று சொல்லவில்லை, அப்படி யாராலும் சொல்ல முடியாது. தொடக்கத்தில் அவர் மனதில் இருந்தது ஒரே ஒரு மாணவிதான். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலையும் கையில் இருந்தது. இந்த இரண்டையும் கவனியுங்கள்.

கவலைப்பட வேண்டிய நிலையும் உண்டு. போட்ட நிமிடத்திலிருந்து எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருப்பது, குறைவாக ஓடிய வீடியோவை அழித்துவிடுவது, தனக்கே பிடிக்காததை ட்ரெண்ட் என்பதற்காகச் செய்வது, ஒரு மோசமான கமெண்டுக்காக இரவு தூங்காமல் கிடப்பது. இவை வாரக்கணக்கில் நீடித்தால், அங்கே நிறைவு போய் அங்கீகாரப் பசி வந்துவிட்டது என்று பொருள். அப்போது செல்பேசியைப் பிடுங்காதீர்கள். கொஞ்ச காலம் வெளியிடாமல், தனக்காக மட்டும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் மனம் அடங்காவிட்டால் உளவியல் ஆலோசகரிடம் அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம்.

சில ஏற்பாடுகளை இப்போதே செய்யலாம். கமெண்டுகளைப் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே வெளிவரும்படி வைக்கலாம். புள்ளிவிவரங்களில் அவள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: வீடியோவின் எந்த நொடியில் ஆட்கள் விலகுகிறார்கள் என்று காட்டும் வரைபடம். அதிலிருந்து தன் விளக்கம் எங்கே இழுவையாக இருந்தது என்று கற்றுக்கொள்ளலாம். பிறருடைய இசையை அனுமதியின்றிச் சேர்க்கக் கூடாது. 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை எச்சரிக்கை வந்தால் சேனலே போய்விடும். பள்ளிச் சீருடை, வீட்டு வாசல், தெருப் பெயர் எதுவும் படத்தில் தெரியக் கூடாது. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தேர்வுக் காலத்துக்கு இரண்டு மூன்று வீடியோக்களை முன்பே எடுத்து, தேதி குறித்து வைத்துவிட்டால் அவை தாமாக வெளியாகும், படிப்பும் கெடாது.

மூல வீடியோக்கள், ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். ஆறு நொடி வீடியோக்களால் பெயர்பெற்ற வைன் தளம் 2013இல் வந்து 2017இல் மூடப்பட்டது. தளங்கள் வரும் போகும், அவள் உழைப்பு அவள் கையில் இருக்க வேண்டும்.

மேற்படிப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்தப் பழக்கம் இருப்பதால் ஊடகப் படிப்புதான் என்று அவசரப்பட வேண்டாம். அவளை இழுப்பது கேமராவா, இயற்பியலா, விளக்கிச் சொல்வதா என்று இன்னும் தெரியவில்லை. கேமரா என்றால் ஆவணப்படம், எடிட்டிங், ஒலிப்பதிவு. இயற்பியல் என்றால் அறிவியல் பட்டப்படிப்பு. வீடியோ கூடவே வரும். விளக்குவதுதான் ருசி என்றால் ஆசிரியப் பணி, பாட வடிவமைப்பு, அறிவியல் எழுத்து. எதை எடுத்தாலும் இதுவரை செய்த வீடியோக்களில் நல்லதாக நான்கைந்தைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் எப்படிச் செய்தாள் என்று அரைப் பக்கம் எழுதி வைத்தால், நேர்காணலில் மதிப்பெண் பட்டியலோடு சேர்த்துக் காட்ட அவளிடம் சொந்தச் சரக்கு இருக்கும்.

அடுத்த முறை வரும்போது அவளையும் அழைத்து வாருங்கள். தனக்குப் பிடித்த ஒரு வீடியோவையும் சரியாக வரவில்லை என்று நினைக்கும் ஒன்றையும் எடுத்து வரட்டும். இரண்டையும் அவளே பேசிக் கேட்ட பிறகு பாடப்பிரிவை முடிவு செய்யலாம்.