பில்லுக்காக எழுதப்படும் மருத்துவக் குறிப்புகள்

கேள்வி: அமெரிக்காவில் மருத்துவராக இருக்கும் என் மகள், வீடு திரும்பிய பிறகும் நோயாளிகளின் குறிப்புகளைக் கணினியில் பதிந்துகொண்டிருக்கிறாள். எல்லாம் கணினிமயமான பின்னும் எழுத்து வேலை குறையாதது ஏன்? சீர்திருத்தங்களால் பலன் இல்லையா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: கணினி வந்த பிறகு அந்த வேலை கூடியது என்றே சொல்ல வேண்டும். மின்னணுப் பதிவேட்டுக்கு மாறும் மருத்துவர்களுக்கு ஊக்கத்தொகை வழங்க 2009-இல் சட்டம் வந்தது. ஆனால் அதில் எவற்றையெல்லாம் எழுத வேண்டும் என்பதைச் சிகிச்சையைவிடப் பில்தான் பெரிதும் தீர்மானித்தது. நோயாளியிடம் எத்தனை விவரங்கள் கேட்கப்பட்டன, உடலின் எத்தனை பகுதிகள் பரிசோதிக்கப்பட்டன என்று 1995, 1997 ஆண்டுகளின் விதிகளின்படி கணக்குக் காட்டினால்தான் உரிய கட்டணம் கிடைக்கும் என்பதால், சாதாரணத் தொண்டை வலிக்கான குறிப்பும் நீண்டுகொண்டே போனது. நோயாளியுடன் கழியும் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினியிலும் மேசை வேலையிலும் போகிறது என்று 2016-இல் வெளியான ஆய்வொன்று கண்டறிந்தது.

பலன் தந்த சீர்திருத்தங்களும் உண்டு. புறநோயாளிகளுக்கான கட்டண நிலையை மருத்துவ முடிவின் சிக்கலை வைத்தோ, செலவிட்ட மொத்த நேரத்தை வைத்தோ நிர்ணயிக்கலாம் என்று 2021-இல் விதி மாறியது. பழைய எண்ணிக்கைக் கணக்கு அத்துடன் தேவையற்றதாயிற்று. கேட்பதையே குறைத்த இந்த மாற்றத்தைத்தான் நான் மற்றவற்றைவிட உயர்வாக மதிப்பேன்.

காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்க வேண்டிய முன் அனுமதி இன்னொரு பெரும் சுமை. குறிப்பிட்ட ஒரு சிகிச்சைக்கு ஆறு மாதங்களில் அனுப்பிய விண்ணப்பங்களில் 90 சதவீதம் ஏற்கப்பட்டிருந்தால், அந்த மருத்துவருக்கு அச்சிகிச்சையில் விலக்களிக்கும் சட்டத்தை டெக்சஸ் மாநிலம் 2021-இல் இயற்றியது. எப்படியும் 'சரி' என்று சொல்லப்போகிறவர்களிடம் ஒவ்வொரு முறையும் எதற்காகக் கேட்க வேண்டும்? மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு விதி இவ்வளவு துணியவில்லை. அவசர விண்ணப்பங்களுக்கு 72 மணி நேரத்திலும் மற்றவற்றுக்கு ஏழு நாட்களிலும் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணத்தைத் தெளிவாகக் கூற வேண்டும் என்று 2026 முதல் கட்டாயப்படுத்துகிறது. மருந்துகளுக்கான முன் அனுமதியும், வேலை தருவோர் வழியாகக் கிடைக்கும் காப்பீடும் அதில் அடங்கா.

ஆகவே உங்கள் மகளுக்குக் கிடைக்கும் நிவாரணம், அவரிடம் வரும் நோயாளிகளின் காப்பீட்டையும் அவர் பணிபுரியும் மாநிலத்தையும் பொறுத்தது. ஆனால், மருத்துவமனையின் குறிப்புப் படிவங்கள் புதிய விதிகளுக்கேற்பச் சுருக்கப்பட்டுள்ளனவா என்று அவர் நிர்வாகத்திடம் இப்போதே கேட்கலாம்; அதற்கு எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.