பாறைக்குழம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜன்: கேள்வி பதில்

கோள்களின் எரிமலைப் பாறைகள் பற்றி வந்த கேள்விகளை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். நிலவியல் கற்பித்து வேலூரில் ஓய்வுபெற்றவன் என்பதால், எடுத்துக்காட்டுகளை நம் பக்கத்திலிருந்தே தருகிறேன்.

கல்லூரி மாணவர், குடியாத்தம்: ஐயா, காற்றே புகாத ஆழத்தில் ஆக்சிஜனேற்றம் எப்படி நிகழும்?

காற்றை மறந்துவிடுங்கள். பூமிக் கவசத்தின் (மேலோட்டுக்கும் நடுவிலுள்ள உலோகக் கருவத்துக்கும் இடைப்பட்ட பாறை அடுக்கின்) எடையில் ஏறத்தாழ 44 சதவீதம் ஆக்சிஜன்தான். அதில் பெரும்பகுதி சிலிக்கானோடும் மக்னீசியத்தோடும் இறுகப் பிணைந்திருப்பதால், மிஞ்சுவதில் இரும்புக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் இரும்பு உலோகமாகவே நின்று, கனத்தால் கீழிறங்கிக் கருவத்தில் சேரும். ஓரளவு கிடைத்தால் ஃபெரஸ் இரும்பாகி (இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு) பாறையில் தங்கும். தாராளமாகக் கிடைத்தால் ஒரு பகுதி ஃபெரிக் (மூன்று எலக்ட்ரான் இழந்த, மேலும் ஆக்சிஜனேற்றம் பெற்ற இரும்பு) ஆகும். சரியாக வேகாத சூளைச் செங்கல் ஒன்றை உடைத்துப் பாருங்கள். வெளிப்புறம் சிவந்தும் நடுப்பகுதி கறுத்தும் இருக்கும். மண் ஒன்றே; உள்ளே எரிந்த கரிப்பொருள் ஆக்சிஜனைத் தின்றுவிட்டதால் நடுவில் இருந்த இரும்பு சிவக்கவில்லை.

பள்ளி ஆசிரியை, ஆரணி: செவ்வாய் சிவந்திருப்பதால் அதன் உட்புறமும் மிகுந்த ஆக்சிஜனேற்றம் அடைந்தது என்று மாணவர்களுக்குச் சொல்லலாமா?

வேண்டாம், அம்மா. அந்தச் சிவப்பு மேற்பரப்புத் தூசியின் நிறம். உட்புறத்துக்குச் சான்று வேறு: பூமியின் கவசத்தில் இரும்பு ஆக்சைடு 8 சதவீதம் அளவில் இருக்க, செவ்வாயின் கவசத்தில் அது 14 முதல் 18 சதவீதம் வரை மதிப்பிடப்படுகிறது. அதாவது, அங்கே கூடுதலான இரும்பு கருவத்துக்கு இறங்காமல் ஆக்சிஜனோடு சேர்ந்து பாறையில் தங்கிவிட்டது.

வாசகர், ஆம்பூர்: மிகக் குறைந்த ஆக்சிஜனில் உருவான கோள் எப்படி இருக்கும்?

புதனைப் போல இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த கோளும் அதுவே. 2011 முதல் 2015 வரை அதைச் சுற்றிவந்த மெசெஞ்சர் விண்கலம், மேற்பரப்பில் இரும்பு 2 சதவீதம் அளவில்தான் உள்ளது என்றும், கந்தகமோ 4 சதவீதம் வரை உள்ளது என்றும் காட்டியது. பூமியின் பசால்ட் என்னும் கரிய எரிமலைப் பாறைகளில் கந்தகம் பொதுவாக 0.1 சதவீத அளவில்தான் இருக்கும். இரும்பும் அதன் ஆக்சைடும் சமநிலையில் உடனிருக்கும் நிலையோடு ஒப்பிட்டால், புதனின் பாறைக்குழம்புக்குக் கிடைத்த ஆக்சிஜன் ஆயிரம் மடங்கு முதல் கோடி மடங்கு வரை குறைவு என்று கணிக்கிறார்கள். அப்படிப்பட்ட குழம்பில் ஆக்சிஜனின் இடத்தைக் கந்தகம் பிடித்துக்கொண்டு, கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றோடு சேர்ந்து பெருமளவில் கரைகிறது. இரும்போ உலோகமாகக் கீழே போய்விட்டது. 2,440 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளில் கருவத்தின் ஆரம் மட்டும் 2,000 கிலோமீட்டர். (கருவம் அவ்வளவு பெரிதானதற்கு இது ஒன்றே காரணமன்று.) இரும்பு குன்றிய பாறை வெளுத்திருக்க வேண்டும் என்று எண்ணுவோம், புதனோ கறுத்துக் கிடக்கிறது. ஆக்சிஜனேற்றம் பெறாத கார்பன், கிராஃபைட்டாக மிதந்து மேலே சேர்ந்தது என்பதே இப்போதைய வலுவான விளக்கம்.

அதே வாசகர்: அப்படியானால், இரும்புக் கருவம் கொண்ட பூமியின் கவசத்தில் ஃபெரிக் இரும்பு எங்கிருந்து வந்தது?

660 கிலோமீட்டருக்குக் கீழே உள்ள பிரிட்ஜ்மனைட் என்னும் கனிமம் ஃபெரிக் இரும்பை விரும்பி ஏற்கிறது. அந்த அழுத்தத்தில் ஃபெரஸ் இரும்பின் ஒரு பகுதி ஃபெரிக்காகவும் மறுபகுதி உலோகமாகவும் பிரிகிறது. உலோகம் கருவத்துக்கு இறங்கிவிட்டால், மிஞ்சிய கவசம் தானாகவே கூடுதல் ஆக்சிஜனேற்றம் பெற்றதாகிவிடும். சிறிய கோள்களில் அவ்வளவு அழுத்தம் வாய்ப்பது அரிது.

விவசாயி, திருப்பத்தூர்: நம் பகுதியில் இதற்குச் சான்று உண்டா?

வேலூர்க் கோட்டையைச் சுற்றியுள்ள குன்றுகள் எரிமலைப் பாறைகள் அல்ல. ஆனால் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள சேவத்தூரில், 75 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கார்பனடைட் இருக்கிறது. கார்பனேட்டே குழம்பாகி உறைந்த அரிய பாறை அது. கவசத்தில் ஆக்சிஜன் போதாத இடத்தில் கார்பன் கிராஃபைட்டாகவோ வைரமாகவோ அடங்கிக் கிடக்கும். போதிய ஆக்சிஜன் கிடைத்தால்தான் கார்பனேட்டாகி உருகி மேலே வரும். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் ஒரு துண்டை எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு துளி விடுங்கள்; கால்சைட் உள்ள இடம் நுரைக்கும். பிறகு பொடித்துக் காந்தத்தைக் காட்டினால், ஃபெரஸும் ஃபெரிக்கும் சேர்ந்த மேக்னடைட்டின் கரிய மணிகள் ஒட்டிக்கொண்டு வரும்.