பழைய டியூப் டிவியைத் திறக்கும் மகள்: பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் மகள் பழைய டியூப் டிவிகளைக் கொண்டுவந்து பின்மூடியைக் கழற்றுகிறாள் என்றால் பெற்றோருக்கு இரண்டு பயம் வரும். ஷாக் அடித்துவிடுமோ என்பது ஒன்று. தயாரிப்பே நின்றுபோன பொருளில் நேரத்தைக் கொட்டுகிறாளே, இது நாளைக்குக் கைகொடுக்குமா என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமான பயம்தான். முதலாவதைச் சரியாகக் கையாளத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாவதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை என்பதால் அதிலிருந்தே தொடங்குவோம்.

"டியூப்புக்குள் 25,000 வோல்ட் இருக்கு, தொட்டால் அவ்வளவுதான்" என்றுதான் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எண் சரிதான். கலர் செட்டில் பிக்சர் டியூப்பின் ஆனோடுக்கு (உயர் வோல்ட் நுழையும் முனைக்கு), திரையின் அளவைப் பொறுத்து 20,000 முதல் 30,000 வோல்ட் வரை போகிறது. கண்ணாடியின் உள்ளேயும் வெளியேயும் கரிப்பூச்சு இருப்பதால் டியூப்பே ஒரு கண்டென்சராக நின்று, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நாள்கணக்கில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும். ஆனால் அதன் கொள்ளளவு சுமார் 2,000 பிகோஃபாரட்தான். 25,000 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் தேங்கும் ஆற்றல் 0.6 ஜூல் வருகிறது. இப்போது பவர் சப்ளைப் பகுதியில் சாதுவாக நிற்கும் மெயின் கண்டென்சரைப் பாருங்கள். 220 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் என்று எழுதியிருக்கும். 230 வோல்ட் ஏசி அதில் 325 வோல்ட் டிசியாக ஏறி நிற்கிறது. அங்கே தேங்குவது 11 ஜூலுக்கு மேல், அதாவது டியூப்பில் இருப்பதைப் போல ஏறத்தாழ பதினெட்டு மடங்கு.

டியூப்பின் அடி பொய்யில்லை. அது பட்டால் கை வெடுக்கென்று பின்னால் போகும். போகிற வழியில் டியூப்பின் கழுத்தை உடைக்கும், தகட்டின் விளிம்பில் கிழிபடும். இதயக் கோளாறு இருப்பவர்களுக்கு அதுவே பெரிய ஆபத்து. ஆனாலும் உயிர்ப்பயம் அதிகம் மெயின் கண்டென்சர் பக்கத்திலும், பிளக் மாட்டியிருக்கும்போது பவர் சப்ளையின் முதல் பாதியிலும்தான். "இந்தப் பெட்டியில் எது ரொம்ப ஆபத்து?" என்று மகளிடம் கேளுங்கள். டியூப்பை மட்டும் காட்டினால், அவள் இன்னும் பிளக்கை மாட்டும் கட்டத்துக்கு வரவில்லை.

இன்னொரு கேள்வியும் கேட்கலாம். ஓடும் டிவியா, ஓடாத டிவியா, எதைத் திறப்பது ஆபத்து? பலரும் ஓடும் டிவி என்பார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த செட்டை அணைத்தால் மெயின் கண்டென்சரில் இருப்பதைப் பவர் சப்ளையே பெரும்பாலும் உறிஞ்சிவிடும். ஸ்டார்ட் ஆகாத செட்டில் உறிஞ்ச ஆளில்லை. பவர் சப்ளையைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் திறந்துபோனது, அதாவது உள்ளே தொடர்பு அறுந்துபோனது, மிகச் சாதாரணமான பழுது. மெல்ல மெல்ல வடிவதற்கு இருந்த வழியும் அதோடு அடைபட்டுவிடும். பழுதைத் தேடிப் போகிற கை நேராக முழு 325 வோல்ட்டில் போய் நிற்கும்.

அதனால் வரிசை மாறக் கூடாது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிக் கண்ணில் படும்படி மேசைமேல் வைக்க வேண்டும். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றில் இரண்டு பக்கமும் நன்றாக உறையிட்ட வயரும் புரோப் முனையும் பற்றவைத்துக்கொண்டு, மெயின் கண்டென்சரின் இரண்டு காலிலும் பத்து விநாடி வைக்க வேண்டும். கணக்குப்படி இரண்டரை விநாடியில் வடிந்துவிடும். மீதி நேரம் முனை சரியாகத் தொடவில்லை என்றால் என்ன ஆவது என்பதற்காக. பிறகு மல்டிமீட்டரை உயர்ந்த டிசி ரேஞ்சில் வைத்துப் பார்த்து, சில வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகே போர்டில் கை. ஸ்க்ரூடிரைவரால் நேரடியாக ஷார்ட் பண்ணும் பழக்கம் இருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். பொறி தெறித்து உருகிய உலோகம் கண்ணில் படும், போர்டின் டிராக்கும் கருகும்.

டியூப்பின் ஆனோடு வேலை இதைவிட நுணுக்கமானது. டியூப்பின் மேல்பக்கம் சிவப்பு அல்லது கறுப்பு ரப்பர் தொப்பி ஒன்று ஒட்டியிருக்கும். உயர் வோல்ட்டை உண்டாக்கும் டிரான்ஸ்ஃபார்மரான எல்ஓடியிலிருந்து வரும் தடித்த வயர் அதில்தான் முடிகிறது. முதலில் முதலைக் கிளிப் உள்ள வயரை, டியூப்பின் முதுகில் குறுக்கே ஓடும் பின்னல் கம்பியில் மாட்ட வேண்டும். போர்டின் கிரவுண்டில் மாட்டினால் டியூப்பின் மின்னூட்டம் ஐசிகள் வழியாகப் பாய்ந்து, நல்லதாக இருந்ததும் கெட்டுப்போகும். வயரின் மறுமுனையை நீண்ட கைப்பிடியுள்ள தட்டை ஸ்க்ரூடிரைவரின் உலோகத் தண்டில் மாட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மறுகையால் தட்டை முனையை ரப்பருக்கு அடியில் நழுவவிட வேண்டும். உள்ளே இருக்கும் கொக்கியைத் தொட்டதும் 'டிக்' என்று கேட்கும். சில செட்டில் கேட்கவே கேட்காது, அதை நம்பிவிடக் கூடாது. சில நிமிடம் விட்டு மறுபடி தொட வேண்டும். கண்ணாடிக்குள் ஊறியிருந்த மின்னூட்டம் மீண்டும் மேலே வரும். இடையில் உயர் வோல்ட்டுக்கென்றே செய்த 10 மெகா ஓம் ரெசிஸ்டர் இருந்தால் பொறி அடங்கி நடக்கும். சாதாரணக் கால் வாட் ரெசிஸ்டர் உதவாது, பொறி அதன் மேலேயே தாவிவிடும்.

கண்ணாடி உடைவதும் மின்சாரத்துக்குச் சளைத்த ஆபத்து இல்லை. டியூப்புக்குள் வெற்றிடம், 21 அங்குலத் திரையின் முகத்தில் மட்டுமே காற்று ஒரு டன்னுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. பலவீனமான இடம் கழுத்து. தூக்கும்போது திரை நெஞ்சுப் பக்கம், கை திரையின் கீழ் ஓரத்தில். வெறும் டியூப்பைக் கையாளும்போது பாதுகாப்புக் கண்ணாடி மூக்கின் மேல் இருந்தே ஆக வேண்டும். தேறாத டியூப்பை உடைத்துப் போடுவது கூடவே கூடாது. கூம்புப் பகுதிக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அது மின்கழிவு எடுப்பவர்களிடம் முழுதாகப் போக வேண்டும்.

பிளக்கை மாட்டி அளக்கும் நாள் ஒன்று வரும். அதற்கு முன் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று மேசையில் இருக்க வேண்டும், 250 விஏ அளவு போதும். வோல்ட்டை மாற்றாமல் செட்டை மெயின்ஸிலிருந்து (வீட்டு மின் இணைப்பிலிருந்து) பிரித்துவைப்பதுதான் அதன் வேலை. பல செட்டுகளில் பவர் சப்ளையின் முதல் பாதியிலுள்ள கிரவுண்ட் நேரடியாக மெயின்ஸோடு தொடர்புடையது. அதில் ஆசிலாஸ்கோப்பின் எர்த் கிளிப்பை மாட்டினால் ஸ்கோப், செட் இரண்டுமே போகும். வோல்ட்டைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் என்று நினைத்துக்கொள்ளும் பிழை அனுபவசாலிகளிடமும் உண்டு. அது வோல்ட்டைக் குறைக்கும், பிரிக்காது. ஐசொலேஷன் இருந்தாலும் இரண்டு இடத்தை ஒரே நேரத்தில் தொட்டால் ஷாக் ஷாக்தான், அப்போது மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஈஎல்சிபியும் காப்பாற்றாது.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது செட்டுக்குத் தொடராக ஒரு பல்பு: 14 அங்குலத்துக்கு 60 வாட், 21 அங்குலத்துக்கு 100 வாட், இழை உள்ள பழைய பல்பு. எல்இடி பல்பு இதற்கு ஆகாது. பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் ஷார்ட் இல்லை. பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ் டயோடோ பவர் டிரான்சிஸ்டரோ போயிருக்கிறது, அல்லது திரையில் கோடுகளை இடவலமாக ஓட்டும் லைன் அவுட்புட் பக்கம் ஷார்ட். டியூப்பில் ஏறிய காந்தத்தை நீக்கும் டிகாஸ் காயிலின் சாக்கெட்டை முன்பே கழற்றிவிட்டால் அது இழுக்கும் கரண்ட் குழப்பாது. கழற்றிய பிறகு பல்பு மங்கினால், அந்தக் காயிலோடு தொடராக உள்ள, சூடேறினால் கரண்டைக் குறைக்கும் பாசிஸ்டரையும் சந்தேகிக்கலாம்.

இந்தத் தொழிலில் யோசிப்பவரையும் பாகம் மாற்றுபவரையும் பிரித்துக் காட்டும் பழுது ஒன்று உண்டு. லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட், மாற்றினால் மறுபடியும் ஷார்ட். பேஸ், எமிட்டர், கலெக்டர் என்று மூன்று கால் உள்ள டி1555 போன்ற டிரான்சிஸ்டரில் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 40, 50 ஓம் காட்டுவது அதன் உள்ளமைப்பு, பழுதில்லை. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே இரண்டு பக்கமும் சுழியம் காட்டினால்தான் போனது. அதன் இடத்தில் திரும்பி வரும் கரண்டுக்கு வழிவிடும் டேம்பர் டயோடு உள்ளே இல்லாத பியு508ஏ போட்டால் செட் ஓடாது, புது டிரான்சிஸ்டரும் நிற்காது. பாகம் சரியாக இருந்தும் போகிறதென்றால் எப்போது போகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆன் செய்த நொடியிலேயே போனால் மூன்று இடம்: எல்ஓடி உள்ளே ஷார்ட், கலெக்டரில் இருக்கும் 1,600 அல்லது 2,000 வோல்ட் கண்டென்சர் திறந்துபோனது, அல்லது லைன் அவுட்புட்டுக்குப் போகும் டிசி சப்ளையான பி பிளஸ் வோல்ட் ஏறியது. இதைப் பிரிக்க டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டு, பி பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 60 வாட் பல்பைச் சுமையாக மாட்டி அளக்க வேண்டும். 110 வோல்ட் வர வேண்டிய செட்டில் 145 வந்தால் குற்றவாளி பவர் சப்ளை. பெரும்பாலும் ஹீட் சிங்க்குக்குப் பக்கத்தில் காய்ந்துபோன ஒரு சின்ன எலக்ட்ரோலிட்டிக். பத்து, பதினைந்து நிமிடம் ஓடி, கொதித்துப் போனால் டிரைவ் (டிரான்சிஸ்டரின் பேஸுக்கு வரும் சிக்னல்) குறைவு: டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர் காலில் ட்ரை சால்டர் (சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு) இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும், காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்டம் தெரியும். செட் ஓடும்போது அந்த டிரான்சிஸ்டரின் கலெக்டரில் மீட்டரை வைக்கவே கூடாது. அங்கே ஆயிரம் வோல்ட் தாண்டிய துடிப்பு விநாடிக்கு 15,625 முறை வந்து போகிறது.

கலெக்டர் கண்டென்சர் விஷயத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். அதன் மதிப்பைக் குறைத்துப் போட்டால் ஆனோடு வோல்ட் ஏறும். எல்லை மீறினால் டியூப்பிலிருந்து எக்ஸ்ரே கசியும். அதைத் தடுக்கத்தான் பல செட்டுகளில் தானாக அணைக்கும் பாதுகாப்புச் சுற்று இருக்கிறது. செட் அணைந்து அணைந்து போகிறது என்று அந்தச் சுற்றைத் துண்டிக்கச் சொல்லித்தரும் ஆளிடம் மகளைப் பழக விடாதீர்கள். சர்க்யூட் படத்தில் முக்கோணக் குறி போட்ட பாகங்களுக்கு அதே ரகம், அதே அளவுதான்.

திரையில் ஒற்றைக் கிடைக்கோடு மட்டும் வந்தால் பழுது படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் வெர்ட்டிகல் ஐசியில் அல்லது அதன் சப்ளையில். முதல் வேலையாக வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோடு திரையின் உட்புற ஒளிப்பூச்சான பாஸ்பரில் நிரந்தரத் தழும்பாகிவிடும்.

இனி பிழைப்பு. வீட்டு டியூப் டிவி பழுதுபார்த்து மட்டும் வாழ முடியாது, இதை மகளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் தேவை சிறியது, ஆனால் உண்மையானது: பழைய வீடியோ கேம்கள், ஆர்கேட் இயந்திரங்கள், அருங்காட்சியகங்கள். நாம் ஜூன் பைக் என்ற வீடியோ கலைஞர் 1988இல் தென்கொரியாவில் 1,003 டியூப் திரைகளை அடுக்கிச் செய்த கோபுரம் 2018இல் நிறுத்தப்பட்டு, பழுதுபார்க்கப்பட்டு 2022இல் மீண்டும் ஒளிர்ந்தது. பெரும்பாலான திரைகளை டியூப்பாகவே காப்பாற்றினார்கள். அதற்கு இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

பெரிய பயன் வேறு இடத்தில் இருக்கிறது. டியூப் டிவியில் அவள் படிக்கும் ஸ்விட்சிங் பவர் சப்ளைதான் எல்இடி டிவி, கணினி, யுபிஎஸ், இன்வெர்ட்டர், மின்வாகன சார்ஜர், மருத்துவக் கருவிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. மெயின்ஸை நேராக டிசி ஆக்கி, வேகமாக வெட்டி, ஃபீட்பேக்கால் கட்டுப்படுத்தும் அதே ஏற்பாடு. டியூப் டிவியில் பாகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவில் பரந்து கிடப்பதால் கற்பதற்கு இதைவிட நல்ல பலகை கிடைப்பது அரிது. ஆனால் இங்கே தைரியம் வந்ததும் மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்க அனுமதிக்காதீர்கள். அதன் டிரான்ஸ்ஃபார்மர் சுமார் 2,000 வோல்ட்டைத் தாராளமான கரண்டோடு தருகிறது, பல மடங்கு கொடியது.

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவோ பட்டமோ சேர்க்கும்போது ஆய்வகத்தை நேரில் பாருங்கள். ஒவ்வொரு மேசைக்கும் ஐசொலேஷன் இருக்கிறதா, போர்டை மொத்தமாக மாற்றக் கற்பிக்கிறார்களா, பாகம்வரை இறங்கி அளக்கக் கற்பிக்கிறார்களா என்று கேளுங்கள். வீட்டில் மகள் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும்: செட்டின் மாடல், பழுது, அளந்த வோல்ட்டுகள், மாற்றிய பாகம், அது ஏன் போனது. கடைசிப் பத்தி காலியாக இருக்கும் பக்கம் முடியாத பக்கம். வேலைக்கு எடுப்பவர் சான்றிதழுக்கு அடுத்தபடி புரட்டிப் பார்க்க விரும்புவது அதைத்தான்.

முதல் சில செட்டுகள் பிளக் இல்லாமலேயே போகட்டும்: கழற்றுவது, பாகங்களை உருவி அளப்பது, சால்டர் பிடிப்பது. பிளக் மாட்டும் நாளில் வீட்டில் ஒருவர் அதே அறையில், மெயின் சுவிட்ச் எங்கே என்று தெரிந்தவராக உட்கார்ந்திருக்கட்டும். அவள் கையில் மோதிரம், வளையல், உலோகக் கைக்கடிகாரம் இருக்கக் கூடாது. வாங்கித் தர நினைத்தால் முதலில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் 1,000 வோல்ட் வரை அளக்கும் நல்ல மல்டிமீட்டரும், அடுத்தது கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. ஆசிலாஸ்கோப் ஒரு வருஷம் கழித்து வாங்கினால் போதும்.