யூரியாவையும் நுண்ணுயிர் உரத்தையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள்

மலேசியாவில் பினாங்கு மாநிலத்துச் சுங்கை பாக்காப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் சாறு கரும்பு போட்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரப் பாக்கெட், யூரியா, நீல உரம் (NPK கலப்பு உரம்) மூன்றையும் ஒன்றாகக் கலந்து தூரில் போட்டுவிட்டேன். நுண்ணுயிர் எல்லாம் செத்துப்போயிருக்கும் என்கிறார் மச்சான். விற்ற ஏஜெண்டோ, இனி யூரியாவே வேண்டாம், எங்கள் நுண்ணுயிர் பாட்டில் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?"

மச்சான் சொல்வது முக்கால்வாசி சரி. ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு யூரியாவை நிறுத்தினால், கரும்பு மஞ்சளடித்து நிற்கும் நேரத்தில் அவர் போனை எடுக்கமாட்டார்.

யூரியாவும் நீல உரமும் ஈரத்தில் கரையும்போது அந்த உர மணியைச் சுற்றியுள்ள இடம் நுண்ணுயிருக்குத் தாங்காது. அதோடு சேர்த்து வாளியில் பிசைந்தால் நிறைய அங்கேயே போய்விடும். தப்பிப் பிழைத்து மண்ணுக்குப் போகிறவையும் உடனே வேலை செய்யாது, ஏனென்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) தாராளமாகக் கிடக்கும் இடத்தில் காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கும் வேலையை இந்த பாக்டீரியா நிறுத்திவிடும். அதனால் இரண்டுக்கும் நடுவில் பத்து நாளாவது விடுங்கள், இரண்டு வாரம் என்றால் இன்னும் நல்லது. நுண்ணுயிர்த் தூளை நன்றாக மக்கிய எருவில் கலந்து, மண் ஈரமாக இருக்கும் சாயங்காலம் வேரோரம் போட்டு மூடுங்கள். போட்டது போட்டதுதான், அதை நினைத்து உடனே இன்னொரு பாக்கெட் வாங்க வேண்டாம், அடுத்த தவணையில் பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு குறைக்கலாம்? தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் நடவுக் கரும்புக்கு ஹெக்டருக்கு 275 கிலோ தழைச்சத்து என்று சொல்லிவந்தது, நுண்ணுயிர் சேர்த்தால் அதில் கால் பங்கு குறைக்கலாம் என்பதுதான் அங்கே வழக்கம். ஏக்கர் கணக்கில் அது ஏறக்குறைய 240 கிலோ யூரியா, குறைவது 60 கிலோ. அவ்வளவுதான். நம் மண்ணும் மழையும் வேறு, அந்த 240-ஐ அப்படியே இங்கே கொண்டுவந்து கொட்டாதீர்கள். கால் பங்குக்கு மேல் குறைக்காதீர்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

கலக்கக்கூடாது என்றதில் ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விளக்கியே ஆகவேண்டும். ராக் பாஸ்பேட், அதாவது பாஸ்பரஸ் தரும் பாறைத் தூள். நம் ஊரில் கிறிஸ்துமஸ் தீவு ராக் பாஸ்பேட் என்று தோட்டங்களில் காலம்காலமாகப் போடுவார்களே, அதுதான். அது தண்ணீரில் சட்டென்று கரையாது, அதனால் நுண்ணுயிரைச் சுடாது. பாஸ்போபாக்டீரியாவோடு சேர்த்தே போடலாம், பாக்டீரியா அமிலம் விட்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். ஆனால் அதே நாளில் சுண்ணாம்பையும் போட்டுவிடாதீர்கள். நம் மண் புளிப்பு மண், அந்தப் புளிப்பில்தான் ராக் பாஸ்பேட் கரையும், சுண்ணாம்பு அதை அடக்கிவிடும். சரி, சுண்ணாம்பே வேண்டாமா என்றால், pH (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்) 4.5 மாதிரி இருக்கும் மண்ணில் அசோஸ்பைரில்லமும் நன்றாகப் பிழைக்காது. ஆகவே ராக் பாஸ்பேட்டை முதலில் மண்ணில் கலந்துவிட்டு, சுண்ணாம்பைச் சில வாரம் தள்ளி அளவோடு போடுங்கள். யூரியாவோடு சுண்ணாம்பு சேரவே கூடாது, அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும், உங்கள் காசும் சேர்ந்துதான்.

இனி அந்த பாட்டில். நேரடி விற்பனை என்று கார் பூட்டில் வைத்து வெயிலில் ஊர் ஊராகச் சுற்றிய சரக்கில் என்ன உயிர் மிச்சம் இருக்கும்? லேபிளில் நுண்ணுயிரின் பெயர் இல்லை, தயாரித்த தேதி இல்லை, எண்ணிக்கை இல்லை, "ஆர்கானிக்" என்ற எழுத்து மட்டும் பெரிதாக இருக்கிறது என்றால் வாங்காதீர்கள். இந்தியாவில் 2006-லேயே உயிர் உரத்தை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்: தூள் என்றால் கிராமுக்கு குறைந்தது 5 கோடி உயிரணு இருக்கவேண்டும், திரவம் என்றால் மில்லிக்கு 10 கோடி. இந்தக் கேள்வியை ஏஜெண்டிடம் கேளுங்கள், சர்டிபிகேட் என்று ஏதோ கலர் தாளை நீட்டுவார், அதில் இந்த எண் எங்கே என்று கேளுங்கள். அதற்காக இந்தியாவுக்குப் போகும்போது பாக்கெட்டை சூட்கேசில் போட்டுக் கொண்டுவரவும் வேண்டாம், மண்ணும் நுண்ணுயிரும் பெர்மிட் இல்லாமல் இந்த நாட்டுக்குள் வரக்கூடாது.

முதலில் செய்யவேண்டியது மண் பரிசோதனை. விவசாய இலாகாவில் கேளுங்கள். வரும் தாளில் எண்கள் இருக்கும், கரும்புக்கு என்ன செய்வது என்று அதைப் பார்த்துச் சொல்ல ஆள் கிடைப்பது சிரமம். நெல்லுக்கு மானிய உரம் உண்டு, சாறு கரும்பு போடுகிறவரை யார் கண்டுகொள்கிறார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுங்கை பாக்காப் இருக்கும் இதே செபராங் பிறையின் சீனித் தோட்டங்களில் நம் ஆட்களை வைத்துக் கரும்பு வெட்டிய இடத்தில்தான் இந்த நிலைமை! தாள் வந்ததும் pH, பாஸ்பரஸ் இரண்டு வரியை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள், சுண்ணாம்பு எவ்வளவு என்று சொல்கிறேன்.