அப்டேட்டுக்குப் பிறகு ஸ்கேனரும் பிரின்டரும் மக்கர் செய்தால்

கேள்வி: காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டின் முகப்பிலேயே கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டர் உள்ளே கணக்கறையில். அங்கிருந்து நீளமான யுஎஸ்பி கேபிள் இழுத்து, முகப்பு மேசையில் ஒரு ஹப் (ஒரே கேபிளில் பல சாதனங்களை மாட்ட உதவும் பெட்டி) வைத்து, பார்கோடு ஸ்கேனரையும் பில் பிரின்டரையும் மாட்டியிருக்கிறோம். விண்டோஸ் 11 அப்டேட் ஆனதிலிருந்து இரண்டும் சேர்ந்தாற்போல் நின்றுவிடுகின்றன, முக்கியமாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. கழற்றி மாட்டினால் சரியாகிறது. அப்டேட்டை நீக்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். சிபியூவைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறவும் வேண்டாம். துப்பு உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

பார்கோடு ஸ்கேனரைப் பெரும்பாலும் கம்ப்யூட்டர் ஒரு கீபோர்டாகத்தான் பார்க்கிறது. அதற்கென்று தனி டிரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் மென்பொருள், கிடையாது. பிரின்டருக்கு உண்டு. பிரின்டர் டிரைவர் கெட்டிருந்தால் அது மட்டும்தான் படுத்திருக்கும். இரண்டும் சேர்ந்து நிற்கிறதென்றால், இரண்டுக்கும் பொதுவான ஹப், கேபிள், மின்சாரம் இவற்றில்தான் கோளாறு.

செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து உள்ளறைக்கு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டினால் ஓடும், ஆனால் விளிம்பில் நின்று ஓடும். போதாக்குறைக்கு, தனி அடாப்டர் இல்லாத ஹப் என்றால் கம்ப்யூட்டரிடமிருந்து வரும் 500 மில்லி ஆம்பியரைத்தான் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் இத்தனை நாள் எப்படி ஓடியது? கொஞ்ச நேரம் சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனத்தை விண்டோஸ் தூங்கவைக்கும். அப்டேட்டின்போது டிரைவர் மாறினால் இந்த மின்சேமிப்பு தானாக மீண்டும் இயங்கத் தொடங்குவது உண்டு. சாப்பாட்டு இடைவேளையில் தூங்கிய ஸ்கேனரை எழுப்ப, விளிம்பில் இருக்கும் இணைப்பால் முடியவில்லை என்பதே என் கணிப்பு.

முதலில் ஸ்கேனரைக் கழற்றி, ஹப் இல்லாமல் நேராகக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் மாட்டி ஒருநாள் பாருங்கள். நோட்பேடைத் திறந்து ஒரு சேலைச் சீட்டை ஸ்கேன் செய்தால் போதும், எண் விழுந்தால் ஸ்கேனர் நல்லாயிருக்கிறது. அப்புறம் டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சாரத்தை மிச்சப்படுத்த அணைத்துவைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்று இருப்பதையும் டிசேபிள் செய்யுங்கள். முடித்ததும் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் போதாது: ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட்டவுன் முழுசாக அணைப்பதில்லை, பாதியைச் சேமித்துவைத்து அதையே மறுநாள் எடுக்கும். தினமும் ராத்திரி அணைக்கிறோமே என்று சொல்கிற பலருக்கு இது தெரிவதில்லை.

இதிலேயே சரியாகிவிடும் என்றாலும், தனி அடாப்டர் உள்ள ஹப் ஒன்று வாங்கிவிடுங்கள். கேபிளையும் சுருக்குங்கள், அல்லது கம்ப்யூட்டரையே முகப்புக்குக் கொண்டுவாருங்கள்.

அப்டேட்டே தப்பு செய்வது இல்லாததல்ல. 2025 ஜனவரி அப்டேட் ஒன்றுக்குப் பிறகு சில யுஎஸ்பி பிரின்டர்கள் கேட்காமலே சம்பந்தமில்லாத எழுத்துகளை அச்சடித்துத் தள்ளின. மைக்ரோசாஃப்ட் பிறகு சரிசெய்தது. ஸ்கேனர் ஓடி, பிரின்டர் மட்டும் முரண்டு பிடித்தால் டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழைய டிரைவருக்குத் திரும்பிப் பாருங்கள். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால், பிரின்டர் நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால்தான் அப்டேட்டை நீக்குவது. மாதாந்திர அப்டேட் என்றால் அப்டேட் ஹிஸ்டரியில் நீக்கலாம்; விண்டோஸின் பதிப்பே மாறியிருந்தால் திரும்பிப் போக வழக்கமாக 10 நாள்தான் அவகாசம். எதைத் தொடுவதற்கு முன்னும் பில் கணக்கை ஒரு பென் டிரைவில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

தை முகூர்த்தக் கூட்டம் வருவதற்கு முன் அப்டேட்டை 'பாஸ்' (Pause) செய்து நிறுத்திவையுங்கள், 5 வாரம் வரை தள்ளிப்போடலாம். கூட்டம் குறைந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடுதான் வருகின்றன.