பழைய படத்தைப் பெரிதாக்க எதற்குப் பணம் கொடுக்கலாம்?

கேள்வி: பெற்றோரின் மணிவிழாவுக்காக, அவர்களுடைய பழைய திருமணப் படத்தைக் கைபேசியில் பிடித்து, அதன்மேல் பெயர்களையும் எழுதி, ஒரே படமாக வேலூர் அச்சகம் ஒன்றுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஆறடி அகல ஃபிளெக்ஸில் முகங்கள் மங்கி, எழுத்துகளின் ஓரங்கள் படிக்கட்டுபோல் வந்துள்ளன. கூடுதல் பணம் கொடுத்தால் மென்பொருளில் தெளிவாக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகர், சத்துவாச்சாரி

பதில்: அந்தக் கோப்புக்காகக் கொடுக்க வேண்டாம். வழக்கமான முறையில் அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் நீளவாக்கில் ஏறத்தாழ 1600 பிக்சலுக்கு, அதாவது அத்தனை நிறப்புள்ளிகளுக்கு, சுருக்கிவிடுகிறது. அதை 72 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 22 பிக்சல்தான் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் பெரிது. மென்பொருளில் படத்தைப் பெரிதாக்கும் பைகியூபிக், லான்சோஸ் போன்ற கணக்கீட்டு முறைகள் பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தைக் கணக்கிட்டு இடைவெளியை நிரப்புகின்றனவே தவிர, பதிவாகாத நுணுக்கத்தை மீட்பதில்லை. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கூர்மையைக் கூட்டும். ஆனால் அது ஊகித்து வரைவதால் கண்ணும் மூக்கும் வேறொருவருடையவைபோல் மாறிவிடக்கூடும். பெற்றோரின் படத்தில் அதை ஏற்பது சரியல்ல.

காகிதப் படத்தையே மீண்டும் ஸ்கேன் செய்யுங்கள். 4-க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்தால் 2400-க்கு 3600 பிக்சல் கிடைக்கும். ஃபிளெக்ஸில் அதை 2 அடிக்கு 3 அடியாக வைத்தாலும் அங்குலத்துக்கு 100 பிக்சல் இருப்பதால், சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதற்கு அது தாராளம். கோப்பைப் பென்டிரைவில் கொடுங்கள்; வாட்ஸ்அப்தான் வழி என்றால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள்.

எழுத்துகளின் குறை இன்னும் எளிதில் தீரும். ட்ரூடைப் போன்ற எழுத்துருக்களில் ஒவ்வொரு எழுத்தும் வளைகோடுகளின் கணக்காக இருப்பதால், எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் சிதையாது. படத்தோடு சேர்த்துச் சேமித்த உடனே அவையும் பிக்சல்களாகிவிடுகின்றன. ஆகவே பெயர்களைத் தனியாகக் கொடுத்து, கோரல்டிரா அல்லது இலவசமான இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் புதிதாக அமைத்து, வளைகோடாக மாற்றிய பிடிஎஃப் கோப்பிலிருந்து அச்சிடச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்யவும் எழுத்தமைக்கவும் கேட்கும் கூலி நியாயமானது.

கோப்பின் தரம் போதாது என்று அச்சிடுமுன் சொல்வது கடைக்காரரின் பொறுப்பு என்றே கருதுகிறேன். மறு அச்சுக்கான தொகையைக் குறைக்கும்படி ரசீதுடன் எழுத்தில் கேளுங்கள். உடன்பாடு ஏற்படாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முறையிடலாம். இம்முறை முழுப் பணத்தையும் கொடுக்குமுன், முகம் உள்ள பகுதியை மட்டும் உண்மையான அளவிலேயே ஒரு சிறு துண்டில் அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.