அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் வேறு ட்ரேயிலிருந்து நிரல் வழியாக அச்சிட முடியுமா?

முடியும். ட்ரே என்பது பிரிண்டரில் காகிதம் அடுக்கும் தட்டு. தஞ்சாவூர்ப் பக்கத்து அரிசி ஆலைக் கணக்கறிக்கையில் முதல் பக்கம் பெயர் அச்சிட்ட தாளிலும் மற்றவை வெள்ளைத் தாளிலும் வர வேண்டியிருக்கும். கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் தனித்தனி மதகுகள் இருப்பது போலத்தான்; எதைத் திறப்பது என்று சொல்ல வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ட்ரேயின் எண்ணை முடிவு செய்வது பிரிண்டரின் டிரைவர், அதாவது கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள். விண்டோஸில் டிரைவர்கள் தமக்கென வைக்கும் எண்கள் 256இலிருந்து தொடங்கும். மாடலுக்கு மாடல் மாறும். அதனால் தயவுசெய்து எண்ணை நிரலில் நேராக எழுதிவைக்காதீர்கள். டிரைவரிடமே பட்டியலைக் கேளுங்கள். மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டில் பேப்பர்சோர்சஸ் (PaperSources) என்ற பண்பு அதைத் தரும். அப்புறம் ஒவ்வொரு பக்கமும் அச்சாகும் முன் எழும் குவெரிபேஜ்செட்டிங்ஸ் (QueryPageSettings) நிகழ்வில் பக்கத்துக்குப் பக்கம் ட்ரேயை மாற்றலாம்.

ஏ4 என்று அளவைச் சொன்னாலே ட்ரேயும் முடிவாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு ட்ரேயிலும் ஏ4 இருந்தால் அது போதாது.